கடற்கரையில் இரண்டு நாள், ஜெயின் சாப்பாடு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நவம்பர் கடைசியில் மாமல்லபுரம் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் நான்கு பேர் இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஜெயின் வழக்கப்படி இருவர் பொழுது சாய்ந்தபின் எதுவும் சாப்பிட மாட்டார்கள். காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த பேக்கேஜ் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: அப்படியே எடுத்தால் நஷ்டம். விடுதிகளில் இரவு பஃபே பெரும்பாலும் ஏழரைக்குத்தான் தொடங்கும். நவம்பர் கடைசியில் மாமல்லபுரத்தில் சூரியன் மறைவது 5.40 வாக்கில். இருவருக்கு இரண்டு இரவு, ஆக நான்கு சாப்பாட்டுக்குக் கட்டிய பணம் தட்டுக்கே வராது.

இரவு உணவுக்குப் பதில் மதிய உணவு தர முடியுமா என்று கேளுங்கள். பல விடுதிகள் கூடுதல் பணமில்லாமல் மாற்றித் தரும். மாலை 4.45க்குச் சாப்பாடு கேட்பதில் வேறொரு சிக்கல் உண்டு. மூன்றிலிருந்து ஏழு வரை பல சமையலறைகளில் அடுப்பு ஓய்ந்திருக்கும், பஜ்ஜியும் காபியும்தான் கிடைக்கும். அதனால் 'மாலை உணவு கிடைக்குமா' என்று பொதுவாகக் கேட்காமல், 'நாலே முக்காலுக்குச் சப்பாத்தி, பருப்பு, ஒரு பொரியல் சூடாக வருமா' என்று கேளுங்கள். முடியாது என்றால் காலை உணவு மட்டும் சேர்ந்த திட்டமே போதும். காலையிலும் நவ்காரசி என்ற நோன்பு பார்ப்பவர்கள் சூரியன் உதித்து 48 நிமிடம் கழித்துத்தான் சாப்பிடுவார்கள். பஃபே நேரத்துக்குள் அது அடங்கிவிடும்.

வரியையும் பாருங்கள். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5%, தாண்டினால் 18%. சாப்பாட்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் போடும்போது பில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடும்.

கேள்வி: இணையத்தில் பதிவு செய்யும்போது 'சிறப்புக் கோரிக்கை' கட்டத்தில் 'ஜெயின் உணவு' என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. அந்தக் கட்டத்துக்குக் கீழேயே 'கோரிக்கைக்கு உத்தரவாதமில்லை' என்ற வரி பொடி எழுத்தில் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சொல்லில்தான். 'ஜெயின்' என்றால் பல சமையல்காரர்களுக்கு 'வெங்காயம், பூண்டு வேண்டாம்' என்று மட்டும்தான் காதில் விழும்; மண்ணுக்குள் விளையும் எதுவும் கூடாது என்பது விழாது. நம் விரதச் சமையலும் அப்படித்தான். ஆனால் அதில் சேனைக்கும் சேப்பங்கிழங்குக்கும் ராஜமரியாதை. அந்தப் பழக்கத்தில் கூட்டில் கேரட்டும் பொங்கலில் இஞ்சியும் தானாக விழுந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

அடுத்தது பனீர் கறி. ஓட்டல்களில் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது போட்ட கிரேவியைக் காலையிலேயே அண்டாவில் காய்ச்சி வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி அள்ளி அதில் பனீரைப் போடுவதுதான் மிச்ச வேலை. மேசையில் உட்கார்ந்து 'வெங்காயம் வேண்டாம்' என்றால் மேலே தூவும் பச்சை வெங்காயம் மட்டும்தான் குறையும். ஆகவே முதலிலிருந்து தனியாகச் செய்யக்கூடியதைக் கேளுங்கள்: சீரகமும் பெருங்காயமும் தாளித்த பாசிப்பருப்பு, அவரை, புடலை, வெண்டைப் பொரியல், உருளைக்குப் பதில் வாழைக்காய் வறுவல், எலுமிச்சை சாதம். சாம்பாரை விட்டுவிடுங்கள், அது எப்போதும் மொத்தமாகக் கொதிக்கும் சரக்கு.

மீன் வறுக்கும் எண்ணெயிலேயே அப்பளமும் பொரிவது கடற்கரை விடுதிகளில் சகஜம். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ இப்படி அனுப்பலாம்:

"நால்வர், இரண்டு இரவு. வெங்காயம், பூண்டு, இஞ்சி, உருளை, கேரட், முள்ளங்கி, பீட்ரூட், சேனை என மண்ணுக்குள் விளையும் எதுவும் வேண்டாம். காளான், தேன், முட்டை வேண்டாம். மஞ்சள்தூள், சுக்கு, பெருங்காயம் போடலாம். தனி வாணலி, புது எண்ணெய். மாலை உணவு 4.45க்கு. சமையலறை ஒப்புக்கொண்டதாகப் பதில் வந்ததும் முன்பணம் அனுப்புகிறோம்."

கத்தரிக்காய், காலிபிளவர், கீரை விஷயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். உங்கள் வழக்கத்தை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் போடுபவர் முன்பதிவுப் பிரிவு ஆள், சமைப்பவர் வேறு. போய் இறங்கியதும் அதே வாசகத்தை அச்சடித்து அன்றைய ஷிப்ட் செஃப் கையில் கொடுங்கள்.

கேள்வி: எதுவும் சரிவராவிட்டால் தயிர் சாதம் பாதுகாப்புதானே?

பதில்: இஞ்சி, துருவிய கேரட் இரண்டையும் தவிர்க்கச் சொன்னால் பலருக்குச் சரி. கண்டிப்பாக இருப்பவர்களுக்கு இல்லை. காய்ச்சாத தயிரோடு பருப்பு சேர்வதை 'த்விதள்' என்று விலக்குவார்கள். தாளிப்பில் விழும் உளுந்தும் கடலைப்பருப்பும் அதில் அடங்கும். கடுகு, கறிவேப்பிலை மட்டும் தாளிக்கச் சொல்லுங்கள். தயிர் வடையும் அதே கணக்கு. இட்லி, தோசையில் மாவு இரவெல்லாம் புளித்திருப்பதால் சிலர் தொடமாட்டார்கள்.

கேள்வி: கையில் என்ன கொண்டு போகலாம்? பச்சைப் புள்ளி இருக்கும் பாக்கெட் எல்லாம் சரிதானா?

பதில்: பச்சைப் புள்ளி சொல்வது சைவம் என்பதை மட்டும்தான். உருளை சிப்ஸிலும் அது இருக்கும். சேர்பொருள் பட்டியலில் 'மசாலாப் பொருட்கள்' என்று பொதுவாகப் போட விதி இடம் தருவதால், பூண்டுத்தூள் பெயர் சொல்லாமலே உள்ளே இருக்கலாம். 'ஜெயின்' என்று அச்சிட்டதையோ, ஒவ்வொரு மசாலாவையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டதையோ வாங்குங்கள்.

காக்ரா என்ற மொறுமொறுப்பான குஜராத்தி ரொட்டி நல்ல துணை. ஈரப்பதம் இல்லாததால் மறுநாளுக்கும் ஆகும். மழைக்காலத்தில் 15 நாள், குளிர்காலத்தில் 30 நாள் வரை ஏற்பது வழக்கம். தேப்லா என்ற மெத்தென்ற குஜராத்தி ரொட்டி ஈரமுள்ளது, ராத்திரி தாண்டினால் கண்டிப்பானவர்கள் ஒதுக்குவார்கள். இரண்டு நாளுக்கு ஆளுக்கு 8 காக்ரா, ஒரு வேளைக்கு 60 கிராம் அவல், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை போதும். வேர்க்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் காய்ந்த விதை என்பதால் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஒரு லிட்டர் மின்கெட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அறைக் கெட்டிலில் முன்பு தங்கியவர் முட்டை அவித்திருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி: எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, அங்கே போனதும் கைவிரித்தால்?

பதில்: அங்கேயே மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, உணவுத் தொகையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். வெளியே வாங்கிய சாப்பாட்டின் ரசீதை வைத்திருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விடுதி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு ஆண்டு. அவர்கள் அனுப்பிய ஒப்புதல் பதில்தான் முதல் சாட்சி. தொலைபேசியில் 'எல்லாம் பண்ணித் தர்றோம் சார்' என்றதை நிரூபிப்பது கடினம்.