டோஹாவில் பிறந்த மகனுக்கு இங்கே பிறப்புச் சான்றிதழ் எடுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் கட்டாரில் வேலை செய்த காலத்தில், 2019 நவம்பரில், எங்கள் மகன் டோஹாவில் பிறந்தான். தூதரகத்தில் பிறப்பைப் பதியாமல், தற்காலிகப் பயண ஆவணத்துடன் ஊர் திரும்பினோம். ஒரு வருடம் கடந்ததால் இனிப் பதிய முடியாது என்றும், வீட்டில் பிறந்ததாகக் காட்டி இங்கேயே பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகவும் தரகர் ஒருவர் கூறுகிறார். சம்மதிக்கலாமா?
– வாசகி, செங்கலடி

பதில்: சம்மதிக்க வேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால் அது போனாலும் போகட்டும், நீங்கள் கொடுத்த மூலப் பத்திரங்களை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கையின் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழிப் பிரசாவுரிமை தருகிறது. முன்னர், விவாகமான பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே கிடைத்த இவ்வுரிமை, 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் கிடைக்கிறது. பிறப்பைப் பதிவு செய்வது மட்டும் கட்டாயம்.

அந்தப் பதிவுக்குச் சட்டம் ஒரு வருடத்தைக் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அதே வாக்கியம், தகுந்த காரணம் இருந்தால் அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள்ளும் பதியலாம் என்று தொடர்கிறது. தரகர்கள் முதற்பாதியை மட்டும் சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துகிறார்கள். பிந்திய பதிவு சலுகை அன்று, சட்டத்திலேயே எழுதப்பட்ட வழி. உங்கள் மகனின் முதல் வருடத்தின் பெரும்பகுதி 2020 இன் கொரோனா முடக்கத்தில் கழிந்தது. அந்நாட்களில் தூதரகத்துக்குச் செல்ல முடியாதிருந்தால், அந்தக் காரணத்தைத் திகதிகளுடன் உள்ளபடியே எழுதுங்கள். இல்லாத நோயையோ விபத்தையோ சேர்க்க வேண்டாம்.

வீட்டில் பிறந்ததாகப் பதிந்தால், தெரிந்துகொண்டே பொய்ப் பிரகடனம் செய்த குற்றம் உங்கள் மீதே விழும். டோஹாவில் பிறந்தவன் என்ற விபரம் பயண ஆவணத்திலும் கட்டுநாயக்க விமான நிலையப் பதிவிலும் ஏற்கெனவே இருக்கிறது. 15 வயதில் அடையாள அட்டைக்கோ, பின்னர் கடவுச்சீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இரண்டு பிறப்பிடங்களும் மோதினால், பெற்றோர் செய்த பொய்க்குப் பிள்ளை பதில் சொல்ல நேரிடும்.

செய்ய வேண்டியது, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரசாவுரிமைப் பிரிவுக்கு நேரடியாக விண்ணப்பிப்பதே. கட்டார் பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், அப்போதைய கடவுச்சீட்டுகள் ஆகியவற்றின் மூலப்பிரதிகள் தேவைப்படும். கட்டார்ச் சான்றிதழ் அங்குள்ள வெளிநாட்டமைச்சினாலும் எமது தூதரகத்தினாலும் அத்தாட்சிப்படுத்தப்பட்டுள்ளதா என்பதை முதலில் பாருங்கள். நமது பெயர்களை அரபு நாட்டு அலுவலகங்கள் தாம் நினைத்தபடி எழுதிவிடுவதால், ஓரெழுத்து வேறுபட்டாலும் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்துக்கொண்டு செல்லுங்கள்.

பிள்ளை பிறந்த நாட்டிலேயே பெற்றோருக்கு இந்த ஒரு வருட விதியை எடுத்துச் சொல்ல அரசுக்கு என்ன தடை? பிரதேச செயலகத்தில் வாங்கிச் சரிபார்க்கக்கூடிய பத்திரங்களுக்காக ஏழைத் தாயொருத்தி கைக்குழந்தையுடன் இரவு பஸ் ஏறி, திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போக வேண்டியிருக்கும்வரை, தரகர்கள் செங்கலடிச் சந்தியில் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பணத்தைத் திணைக்களக் கருமபீடத்தில் மட்டும் செலுத்துங்கள்; பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் முழுப் பிரதியையும் உங்களிடமே வைத்திருங்கள்.