கத்தி வேண்டாம், கோணிப்பை போதும்

அன்புள்ள அக்கா,
இங்கே கெடா மாநிலத்துப் பாடாங் செராய் இரவுச் சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மா உபி கெமிலி விற்றார். குட்டி உருளைக்கிழங்கு மாதிரி, கறுப்பாக. ஒரு கிலோ வாங்கினேன். தோல் சீவச் சீவக் கிழங்கே மிஞ்சவில்லை, கையெல்லாம் கறை. வெறுத்துப்போய்ப் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டேன். இது என்ன கிழங்கு? சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

குப்பையில் போட்டேன் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. விற்ற அம்மாவிடம் எப்படிச் சமைப்பது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அது சிறுகிழங்கு. திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு அது இல்லாமல் சமையல் இல்லை. பூர்வீகம் ஆப்பிரிக்கா. உருளைக்கிழங்குக்குச் சொந்தமே இல்லை, கற்பூரவல்லிக்குத்தான் நெருங்கிய சொந்தம். கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்கள் ஆசையாக அவித்துத் தின்பார்கள்.

மலேசியாவில் நம் தோட்டத்து ஆட்களில் பலருக்கு இது ஏன் தெரியாமல் போனது? கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் பாட்டிகள். என் பாட்டி அந்தப் பட்டினியில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர். மரவள்ளி அவிகிற வாடை வந்தாலே எழுந்து லயத்து வாசலுக்குப் போய்விடுவார் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). அவர் வெறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அது ஒரு கிழங்கின் மேல் வந்த வெறுப்பு. நாம் அதை எல்லாக் கிழங்கின் மேலும் ஏற்றிவிட்டோம். சேம்பு, கருணை, வள்ளி எல்லாமே பஞ்சத்துச் சாப்பாடாகிவிட்டன. கடை உருளைக்கிழங்கு மட்டும் விருந்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டி பட்டவர், வெறுத்தார். ஒருவேளைகூடப் பட்டினி கிடக்காத நமக்கு என்ன வந்தது?

சரி, தோலுக்கு வருவோம். கத்தியைத் தொடவே தொடாதீர்கள். கிழங்கை ஒரு மணி நேரம் ஊறப்போட்டு மண்ணைக் கழுவுங்கள். கோணிப்பையில் கொட்டி, வாயைக் கட்டி, சிமெண்டுத் தரையில் அழுத்தி உருட்டித் தேயுங்கள். கோணியின் சொரசொரப்புக்கே தோல் உரிந்துவிடும். கிழங்கின் கண்குழிகளில் ஒட்டியிருப்பதை மட்டும் நகத்தால் சுரண்டுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாகப் பிடிக்காது. மறுபடியும் சொல்கிறேன், கத்தி வேண்டாம். அப்புறம் உப்புப் போட்டு அவித்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த்துருவல் தூவிப் பிரட்டுங்கள். அந்த மண்வாசம் வேறு எதிலும் வராது.

சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாவுச்சத்துள்ள கிழங்கு, அளவோடு சாப்பிடணும். மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது முளைவிட்டது இருந்தால் சமைக்காதீர்கள். பின்பக்கம் வெயில் படும் இடத்தில் ஊன்றுங்கள். கொடி ஓடியதும் நுனியைக் கிள்ளி வரப்பில் நட்டால், நாலைந்து மாதத்தில் உங்கள் வீட்டுக் கிழங்கையே தோண்டலாம்.