மகள் சைக்கிளில், அம்மா ஸ்கூட்டரில்: சைக்கிள் பாதையில் சேர்ந்து போகலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஏழாவது படிக்கும் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். பதிவு எண் தேவையில்லாத சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் நான் துணைக்குப் போகிறேன். சாலையோரம் கோடு போட்டிருக்கும் சைக்கிள் பாதையில் ரெண்டு பேரும் போகலாங்களா?"

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். சைக்கிளுக்கென்று ஒதுக்கிய பாதையில் மோட்டார் வாகனம் போகக்கூடாது. உங்களுடையது 250 வாட்டுக்கும் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் என்று ஒப்புதல் பெற்ற வண்டி. அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஆனால் வேகம் 25-ஐத் தாண்டாமல் தடுக்கும் 'ஸ்பீடு லாக்'கை எடுத்துவிட்டால் அந்த விலக்கு போய்விடும். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

சட்டம் விட்டாலும், வேகம்தான் எனக்குக் கவலை. 25 கிலோமீட்டரில் போகிறவர் பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி ஏழு மீட்டர் ஓடியிருக்கும். அதனால் மகளின் வேகத்திலேயே, எட்டு மீட்டராவது இடம் விட்டு, பின்னால் போங்கள். பக்கத்தில் பேசிக்கொண்டே போவது வேண்டாம்.

பின்னாலிருந்து யாராவது இடித்துவிடுவார்களோ என்றுதான் பெற்றோர் பயப்படுகிறார்கள். அதைவிட நான் பயப்படுவது இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸுக்கும் லாரிக்கும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடத்தில்தான் சைக்கிள் நிற்கும். ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், இடப்பக்க மூலையில் இருக்கும் பிள்ளை அவர் கண்ணில் படாமலே போகலாம்.

பயிற்சி வகுப்புகளில் பிள்ளைகளை, நிறுத்தி வைத்த பள்ளி வேனின் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைப்பேன். கீழே இடப்பக்க மூலையில் அவர்களுடைய தோழி நிற்பாள். எட்டி எட்டிப் பார்ப்பார்கள், தெரியாது. அப்புறம் நான் எதையும் விளக்க வேண்டியிருக்காது. உங்கள் மகளுக்கும் ஒருமுறை காட்டுங்கள். சந்திப்பில் பஸ் நின்றால் அதன் இடப்பக்கச் சந்தில் நுழையாமல் பின்னாலேயே நிற்க வேண்டும், பாதை காலியாகக் கிடந்தாலும் சரி.

அடுத்தது பேக்கரி வாசல். நம் ஊரில் டீ குடிக்க நிறுத்தும் கார் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள்தான் நிற்கும். பிள்ளை அதைச் சுற்றிப் போக, ஓடும் வண்டிகளுக்கு நடுவே வலப்பக்கம் வர வேண்டும். துணைக்குப் போகும் உங்கள் ஸ்கூட்டர் உண்மையில் உதவுவது இங்கேதான். நீங்கள் முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டி, வலப்பக்கம் வந்து பின்னால் வரும் வண்டியை நிதானப்படுத்துங்கள். அதன் பிறகு அவள் வெளியே வரட்டும். காரின் கதவு திறந்தாலும் படாத அளவுக்கு, ஒரு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, எடை குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த நாட்களில் இன்னும் மெதுவாகப் போங்கள். விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் உங்களுக்கு ஐஎஸ்ஐ ஹெல்மெட், அவளுக்கு சைக்கிள் ஹெல்மெட், சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாக அந்த வழியில் போய், இடப்பக்கத் திருப்பங்களையும் பேக்கரிகளையும் எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால், கொஞ்சம் சுற்றானாலும் உள்தெரு வழியே போவதுதான் நல்லது.