சுத்தம்: ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்?

சுற்றுச்சூழல், இலக்கியம், வணிகம் என்று எல்லா இடத்திலும் ‘சுத்தம்’ என்கிறோமே, பொருள் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றில்லை, ஆனால் உறவு உண்டு.

சுற்றுச்சூழலில் கண்ணுக்குத் தெரியும் சுத்தம் பல நேரம் ஏமாற்றும். ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த நீர் பளிங்குபோல் இருக்கும். நிறமோ வாடையோ காட்டிக்கொடுக்காது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், சக மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். பிரசவித்த பெண்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன்பும் அந்த மருத்துவர்கள் கை கழுவாமல் இல்லை. சோப்பு போட்டுக் கழுவிய, பார்வைக்குச் சுத்தமான கைகள்தான் அவை!

இலக்கியம் இந்த இடைவெளியை எப்போதோ பிடித்துவிட்டது. ‘புறந்தூய்மை நீரான் அமையும்’ என்று தொடங்கும் குறள், அகத்தூய்மையை வாய்மையிடம் ஒப்படைக்கிறது. நீர் போகாத இடத்துக்கு வேறு கருவி வேண்டும் என்பது அதன் கணக்கு.

வணிகத்தில் ‘கை சுத்தம்’ என்றால் சோப்பு நினைவுக்கு வராது, நேர்மைதான் வரும். அங்கே கழுவும் வேலையைச் செய்வது தணிக்கை. சரி, நிஜத் துப்புரவுக்கு இடமில்லையா? உண்டு. பணியிடத்தை ஒழுங்காக வைக்க ஜப்பானியர் வகுத்த 5எஸ் முறையில் ‘செய்சோ’ (துப்புரவு) என்ற படி இருக்கிறது: இயந்திரத்தைத் துடைப்பதே அதைச் சோதிப்பதும்தான். துடைக்கிற கைக்குத்தான் எண்ணெய்க் கசிவும் மெல்லிய விரிசலும் முதலில் தட்டுப்படும்.

அப்புறம், ‘சுத்தமாக மறந்துவிட்டேன்’ என்கிறோமே, அதற்கும் துடைப்பத்துக்கும் என்ன உறவு? ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான்.