கொலோசியம் (ரோமின் பண்டைய அரங்கம்): கேள்வி பதில்

கே: களத்தில் தண்ணீர் நிரப்பிக் கப்பல் சண்டை விட்டார்களாமே?

ப: கி.பி. 80இல் திறப்பு விழாவின்போது பேரரசர் டைட்டஸ் நிரப்பினார் என்கிறார் ரோமானிய வரலாற்றாளர் டியோ. களம் 83 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டம். பரப்பு சுமார் 3,100 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் நிற்கவே 47 லட்சம் லிட்டர் வேண்டும். தட்டையான அடியுள்ள சிறு படகு மிதக்கும், போர்க்கப்பல் திரும்பவே இடம் போதாது.

கே: கட்டைவிரலைக் கீழே காட்டினால் தோற்ற கிளாடியேட்டருக்கு (களத்தில் சண்டையிடும் வீரர்) மரணம்தானே?

ப: ரோமானியக் கவிஞர் ஜூவெனல் 'விரலைத் திருப்பி' என்று மட்டும்தான் எழுதினார். கீழ்நோக்கிய விரல் 1872இல் பிரெஞ்சு ஓவியர் ழெரோம் தீட்டிய ஓவியத்தால் பரவியது. சினிமாவை ஆதாரமாகக் கொண்டு வராதீர்கள்.

கே: சுவரெல்லாம் ஓட்டை. குண்டு பட்டதா?

ப: இல்லை, இரும்புத் திருட்டு. வெளிச்சுவரின் டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கற்களைச் சாந்து பூசி ஒட்டவில்லை. இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். மொத்தம் சுமார் 300 டன் இரும்பு என்பது மதிப்பீடு. இடைக்காலத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், கல் சந்திப்புகளைக் குடைந்து அதை உருவிவிட்டார்கள்.

தெற்கு வெளிச்சுவர் விழுந்த காரணம் வேறு. அந்தப் பக்கத்து மண் இளக்கமான வண்டல்; 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது. விழுந்த கல்லை நகரத்துக் கட்டடங்களுக்கு எடுத்துப் போனார்கள். எஞ்சிய வெளிச்சுவரின் கிழக்கு முனையைப் பாருங்கள்: நழுவிக்கொண்டிருந்த வளைவுக் கற்களை நேராக்காமல், நழுவிய கோணத்திலேயே செங்கல் வைத்து அடைத்திருக்கிறார் கட்டடக் கலைஞர் ஸ்டெர்ன். 1807இல் முடிந்த வேலை. என்னைக் கேட்டால் கட்டடத்திலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கே: களத்துக்கு அடியில் நிலவறை இருக்கும்போது தண்ணீரா? சுத்தப் புரட்டு!

ப: நிலவறை அறைகளும் சுவர்களும் டைட்டஸுக்கு அடுத்த பேரரசர் டொமிஷியன் காலத்தவை, திறப்பு விழாவுக்குப் பிந்தியவை. அவை வந்தபின் நிரப்ப வழியில்லை என்பது சரி. முன்பும் முடியாது என்று அதிலிருந்து வராது.

கே: (தண்ணீர் கேட்ட முதலாமவர்) வரலாற்றாளர் சூட்டோனியஸ், கப்பல் சண்டை பழைய குளத்தில் நடந்தது என்கிறாரே?

ப: நல்ல கேள்வி. டியோவும் இரண்டு இடங்களைச் சொல்கிறார். குதிரையும் காளையும் நீந்திக் காட்டியது, சிறு கப்பல் மோதல், இவை கொலோசியத்தில். 3,000 பேர் மோதிய பெரிய சண்டை டைபர் ஆற்றுக்கு அப்பால், பேரரசர் அகஸ்டஸ் வெட்டிய குளத்தில். அது 1,800க்கு 1,200 ரோமானிய அடி, கப்பல் திரும்பும். சூட்டோனியஸ் இதைத்தான் சொல்கிறார். இரண்டும் முரண் இல்லை.

கே: கட்டைவிரல் மேலே என்றால் பிழைப்பானா?

ப: மேலே பதில் இருக்கிறது. நான் சொல்லும் 'மேலே' விரலில் இல்லை, இந்தப் பக்கத்தின் மேலே.

கே: கூட்டத்தை எப்படி உள்ளே விட்டார்கள்?

ப: 80 வாயில்கள், அவற்றில் 76க்கு எண். வடக்கு வளைவுகளில் 23 முதல் 54 வரை இன்றும் தெரியும். செனட்டர்கள் கீழ்வரிசையில், பெண்கள் உச்சியில்.

கே: நிழல் எப்படி?

ப: உச்சியில் 240 மரக்கம்பங்கள், அவற்றிலிருந்து கயிறும் துணியும். இழுத்தவர்கள் மிசேனம் துறைமுகத்தின் ரோமானியக் கடற்படை மாலுமிகள்.

கே: நுழைவுச்சீட்டு விலை?

ப: என் துறை இல்லை. அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள்.

கே: கடைசி நிகழ்ச்சி எப்போது?

ப: பதிவான கடைசி விலங்கு வேட்டை 523இல். கிளாடியேட்டர் சண்டை அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது.