அப்பாவுக்கு 58 வயது. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தால் பழையபடி காது கேட்குமா?

பழையபடி கேட்காது. இதை முதலிலேயே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்கு 49 வயதில் வைத்தார்கள், வலது காதில். பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் ஹியரிங் எய்டு போட்டால் சத்தம் வரும், பேச்சு புரியாது. ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, மூன்று வாரம் கழித்துத்தான் மெஷினை ஆன் பண்ணினார்கள். யூடியூபில் பார்த்திருப்பீர்களே, ஆன் பண்ணியதும் ஆனந்தக் கண்ணீர். நானும் அழுதேன், போச்சே இத்தனை லட்சம் என்று. வீட்டுக்காரர் குரலும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பெண்ணின் குரலும் ஒன்றுபோல, தகர டப்பாவுக்குள் எலி கத்துகிற மாதிரி இருந்தது.

காதுக்குள் ஆயிரக்கணக்கான செல்கள் பார்த்த வேலையை என் மெஷினில் 22 எலக்ட்ரோடுகள், அதாவது நரம்புக்கு மின் சிக்னல் கொடுக்கும் சின்ன முனைகள், பார்க்கின்றன. மூளை பழக வேண்டும். மேப்பிங்குக்கு, அதாவது மெஷினை என் காதுக்கு ஏற்றபடி சரிசெய்ய, நடையாய் நடந்தேன். மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு "கடை, படை, தடை" என்பாள், நான் திருப்பிச் சொல்லணும். எட்டு மாசம் இப்படி. அப்புறம்தான் தெரிந்தவர்களோடு போனில் பேச முடிந்தது. கல்யாண மண்டபத்தில் இன்றைக்கும் உதட்டைப் பார்த்துத்தான். பழைய பாட்டில் வரி புரிகிறது, தாளம் தெரிகிறது, மெட்டு மட்டும் வரவில்லை. அது ஒரு துக்கம்தான்.

"எங்க மாமா மறுநாளே போன் பேசினார்" என்று கமென்ட் போட வருபவர்களுக்கு: பேசியிருப்பார், சந்தோஷம். நான் டாக்டர் இல்லை. என் காதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

"இந்த வயசில் இவ்வளவு செலவா? அந்தக் காசைப் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கலாமே" என்றவர் என் நாத்தனார். பத்து வருஷமும் என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசிய புண்ணியவதி. போன தை மாசம் வீட்டு வளைகாப்பில், கடைசிப் பந்தி. பரிமாறிய பெண் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, "செவிடுகிட்ட என்னத்தைக் கேக்கறே, சாம்பாரையே ஊத்து" என்று பின்னாலிருந்து குரல். "எனக்கு ரசம் போதும் அண்ணி" என்றேன், திரும்பாமலே. அந்த ஒரு வாய் ரசத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது.

செலவு ஆபரேஷனோடு முடியாது. பேட்டரி, வயர், ஈரம் படாமல் வைக்க டப்பா என்று வந்துகொண்டே இருக்கும். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்குத்தான்.

அப்பாவுக்குக் கேட்காமல் போய் எத்தனை வருஷம்? இப்போது ஹியரிங் எய்டு போடுகிறாரா, எந்தக் காதில்? டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.