ட்ரோன் பைலட் ஆக நினைக்கும் மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகன் கல்லூரிக்கே போகமாட்டேன், ட்ரோன் கோர்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி, ட்ரோன் இரண்டையும் சேர்த்து ஒரு இடத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள், சங்கிலியை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வைக்காதீர்கள் அம்மா. பையனின் ஆசையில் தப்பில்லை, டெல்டாவில் இதற்கு வேலையும் இருக்கிறது. ஆனால் இதில் வாங்கவேண்டிய வரிசை முக்கியம். முதலில் சான்றிதழ், பிறகு கொஞ்ச நாள் இன்னொருவரிடம் வேலை, கடைசியில்தான் சொந்த ட்ரோன். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள். ஊரில் 'ட்ரோன் லைசென்ஸ்' என்று சொல்வது இந்த விதிகளில் ரிமோட் பைலட் சான்றிதழ். அதற்கு பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயது 18 முதல் 65 வரை. உங்கள் மகனுக்கு வருகிற ஐப்பசியில்தான் 18 முடிகிறது என்கிறீர்கள். ஆக, இன்றைக்கே பணம் கட்டினாலும் சான்றிதழ் இன்றைக்குக் கிடைக்காது. 'வயதைப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேருங்கள்' என்று அவசரப்படுத்தும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

பயிற்சியை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில்தான் பெற வேண்டும். எந்தெந்த மையம் என்ற பட்டியலை டிஜிசிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம். பெயர் அதில் இல்லையென்றால், சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் பயனில்லை. தமிழ்நாடு அரசே ட்ரோன்களுக்கென்று ஒரு நிறுவனம் நடத்துகிறது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கிறது. அங்கும் விசாரியுங்கள். சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் 10 ஆண்டு செல்லும்.

இனி, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். ட்ரோனை அதன் எடையை வைத்துப் பிரிக்கிறார்கள். 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கும் மேல் லார்ஜ். நேனோவை ஓட்டச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைக் காசு வாங்காமல் சொந்த விருப்பத்துக்கு ஓட்டினாலும் தேவையில்லை. கல்யாண வீடியோவுக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினாலும் அது வணிகம், சான்றிதழ் வேண்டும். இங்கே எடை என்பது பேட்டரி, சுமை எல்லாம் ஏற்றிய மொத்த எடை. 249 கிராம் என்று விற்கும் ட்ரோனில் இறக்கைக்குப் பாதுகாப்பு வளையமோ பெரிய பேட்டரியோ மாட்டினால் 250ஐத் தாண்டி மைக்ரோ ஆகிவிடும். வாங்குகிற பையனுக்கு இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

வயலில் மருந்து தெளிக்கும் 10 லிட்டர் ட்ரோன், டாங்க் நிரம்பிய நிலையில் 25 கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அது ஸ்மால் வகை. மைக்ரோவுக்கு மட்டும் சான்றிதழ் வைத்துக்கொண்டு அதை ஓட்ட முடியாது. டூவீலர் லைசென்ஸில் லாரி ஓட்டுவது மாதிரி ஆகிவிடும். உங்கள் பக்கத்தில் நிலையான வருமானம் நெல் வயலில்தான். அதனால் சேரும்முன் 'எந்த வகைக்குச் சான்றிதழ் தருவீர்கள்?' என்று கேட்டு, ஸ்மால் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ட்ரோனுக்கும் தனியாகப் பதிவு எண் உண்டு, யுஐஎன் என்பார்கள். கட்டணம் 100 ரூபாய்தான். ஆனால் முழு ட்ரோனாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்துவிட்டது; ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. அதனால் யுஐஎன் இல்லாத பழைய வெளிநாட்டு ட்ரோனை 'செகண்ட் ஹேண்ட், சல்லிசு' என்று யாராவது நீட்டினால் தொடவேண்டாம். பிறகு அதற்குப் பதிவு வாங்குவது குதிரைக்கொம்பு. பதிவுள்ள ட்ரோன் என்றால் உரிமையை முறைப்படி மகன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நேனோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு டிஜிசிஏவின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றி 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் 200 அடிதான். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி, சிவப்பில் மத்திய அரசின் அனுமதி. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஊரில் தடையில்லாமல் மருந்து தெளித்த பையன், மறுநாள் தஞ்சை மண்டபத்தில் கல்யாணம் எடுக்கப் போய் மாட்டிக்கொள்ளலாம். தலைவர்கள் வருகிறார்கள் என்றால் காவல் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி, பச்சைப் பகுதியையே 96 மணிநேரம் வரை சிவப்பாக்க முடியும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் அன்று காலையில் வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மீறினால் இந்த விதிகளின்படி மட்டும் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும். மற்றச் சட்டங்களில் போடும் வழக்கு தனி.

கல்லூரியை விடுவது பற்றி: விடக்கூடாது என்பதே என் கருத்து. ட்ரோன் ஓட்டத் தெரிந்தவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். பயிரைத் தெரிந்தவரோ நிலஅளவை தெரிந்தவரோ ட்ரோனையும் ஓட்டினால்தான் கூலி உயரும். வேளாண் பட்டதாரி ஒருவர் பண்ணைக் கருவிகளை வாடகைக்கு விடும் மையம் தொடங்கி ட்ரோன் வாங்கினால் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் என்று மத்திய அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மகன் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர் என்பதால் வேளாண்மை அவருக்குத் திறந்திருக்கும் கதவு. பட்டப்படிப்பில் சேரட்டும், சான்றிதழ் பயிற்சி சில நாள் வேலைதான், ஒரு விடுமுறையில் முடித்துவிடலாம்.

ஐப்பசிக்குள் நீங்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. சான்றிதழுக்கு பாஸ்போர்ட் கட்டாயம் என்பதை 2023 செப்டம்பரில் நீக்கிவிட்டார்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவை போதும். மகனுக்கு இப்போது கையில் இருப்பது ரேஷன் கார்டு மட்டும்தான். அதில் அவர் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இ-சேவை மையத்தில் இப்போதே திருத்திவிடுங்கள்.